வெட்டுக்கு வெளியே

தகடு எண் 1147.
கண்ணாடி. ஒரு மூலை உடைந்தது.
கடலூர்த் துறைமுகம், மல்லாட்டைக் கிடங்கு வாசல்.
பதிவேட்டில் அவ்வளவுதான்.
எடுத்தவர் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது.
நின்றவர்களுக்குக் கட்டம் போட
யாருக்கும் தோன்றவில்லை.

ஏழு பெண்கள்.
முறத்தோடு ஆறு பேர் சொன்னபடி நிற்கிறார்கள்.
ஏழாவது ஆள், வலது ஓரம்,
கேமராவின் மூடி திறந்திருந்த அந்த இரண்டு நொடியில்
திரும்பிவிட்டாள்.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
கலங்கிய கஞ்சித் தண்ணீர்.

லண்டன் கம்பெனி எடுத்துக்கொண்டது ஆறு பேரை.
கடலூருக்குக் கம்பெனி என்ற சொல் புதிதல்ல.
"வலது ஓரம் அசைவு, வெட்டிவிட்டோம்" என்று
நன்றியோடு மின்னஞ்சல் வந்தது.
தேடுசொற்களை அவர்களே போட்டுவிட்டார்கள்:
வெப்பமண்டலம், உழைப்பு, புடவை, புன்னகை.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஆறில் ஒரு முகத்திலும் புன்னகை இல்லை.

குறை சொல்ல எனக்கு வாயில்லை.
நூற்றுக்கு முப்பத்தைந்து எங்களுக்கு வருகிறது.
ஒரு சமையல் எண்ணெய் டப்பா,
எங்கோ ஒரு பாடப்புத்தகம்,
ஏதோ ஒரு ஓட்டலின் சுவர்,
அந்தக் காசில்தான் இந்த அறையில் ஏசி ஓடுகிறது.
புதுச்சேரிக் காற்றின் உப்பு இரும்பையே தின்னும்,
வெள்ளிப் படலம் எம்மாத்திரம்?
விற்ற படங்களின் தயவில்
விற்காத படங்கள் பூஞ்சை பிடிக்காமல் கிடக்கின்றன.
இதைப் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன்,
வெட்கத்தோடும். கேட்பவரைப் பொறுத்து.

மாசியில் கலியவரதன் வந்தார்,
முதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி.
சுமைதூக்குவோர் சங்கத்துக்கு அறுபதாம் ஆண்டு மலர்.
"நம்ம துறைமுகம் படம் ஒண்ணு. பழசா."
விலைப்பட்டியலை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்:
கால் பக்கம், அரைப் பக்கம்,
உலகம் முழுக்க, ஐந்தாண்டு.
"உலகம் முழுக்க வேணாம்மா," என்றார்.
"சிதம்பரம் தாண்டாது."

ஒப்பந்தத்தை விளக்கினேன்.
தகடு எங்களுடையது. படம் விற்கும் உரிமை அவர்களுடையது.
நாங்களே பிரதி போட்டுத் தந்தால் தப்பு.
அவர் கைப்பேசியில் தேடி எடுத்துக் காட்டினார்:
ஆறு பேர்,
மார்பின் குறுக்கே கோணலாகக் கம்பெனியின் பெயர்,
கயிறு போட்டுக் கட்டிய மூட்டை மாதிரி.
"எங்க ஊட்டுப் பொம்பளைங்க எங்க ஊட்டுக்கு வர
லண்டன சுத்தித்தான் வரணுமா?"
நான் ஏசியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில்
ஒப்பந்தத்தை மறுபடி படித்தேன்.
இணைப்பு இரண்டு. படத்தின் எல்லையை
மில்லிமீட்டரில் குறித்திருந்தார்கள்.
இடது விளிம்பிலிருந்து நூற்று முப்பத்தொன்று.
தகட்டின் அகலம் நூற்று அறுபத்தைந்து.
கழித்துப் பார்த்தேன்.
முப்பத்துநான்கு மில்லிமீட்டர்
யாருக்கும் விற்கப்படாமல் இருந்தது.

அந்தப் பட்டையை மட்டும் அச்சிட்டேன்.
கிடங்குக் கதவின் விளிம்பு, ஒரு முறம், ஒரு வெறுங்கால்,
திரும்பிய தலை.
அதற்கு மேலே, உப்பனாற்றுப் பக்கம், ஒரு பாய்மரத்தின் நுனி.
இத்தனை வருஷம் நானே கவனிக்காதது.

கலியவரதன் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார்.
"மூஞ்சி தெரியலியே."
"தெரியாது."
"பேரு?"
"அதுவும்."
கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு,
"யாரோ கூப்டிருக்காங்க," என்றார்.
மடங்காமல் இருக்க
இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டச் சொன்னார்.

பதிவேட்டில் எழுத வேண்டும்:
பெறுபவர், பயன்பாடு, கட்டணம்.
கட்டணத்தில் பேனா நின்றது.
அச்சுத்தாள் செலவு, ரூபாய் ஐந்து என்று போட்டு
என் பையிலிருந்து கட்டினேன்.

மலர் இன்னும் வரவில்லை.
இயக்குநர் இன்னும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.